வன்னியில் ஒரு நீதிமன்றப் படம் எடுத்தபோது கற்றவை

2008 ஆம் ஆண்டு வவுனியா மேல் நீதிமன்றத்தில் நடப்பதாக நாங்கள் கற்பனை செய்துகொண்ட ஒரு வழக்கை வைத்து, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களைச் சேர்ந்த சிலர் சேர்ந்து ஒரு படத்தை எடுத்து முடித்திருக்கிறோம். படத்தில் துப்பாக்கி வெடிக்கும் காட்சி ஒன்றுகூட இல்லை. ஒரு தாய், ஒரு மகன், ஒரு சட்டத்தரணி, ஒரு மொழிபெயர்ப்பாளர், ஒரு பொலிஸ் அதிகாரி, ஒரு நீதிபதி ஆகியோருக்கு இடையில் ஒரேயொரு கேள்வியைச் சுற்றியே கதை நகர்கிறது: எதிரியாக, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவனாக, கூண்டில் நிற்கும் இளைஞன் கையொப்பமிட்ட குற்ற ஒப்புதல் வாக்குமூலம் அவன் சுயமாக விரும்பிக் கொடுத்ததா? எழுத்தும் இயக்கமும் என் பொறுப்பில் இருந்தன. போர்க்காலத்து நீதிமன்றத்தைப் படமாக்க வேண்டும் என்று நினைக்கிற இளையவர்கள் வேறு பலரும் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒவ்வொருவராகப் பதில் சொல்வதைவிட, எங்கள் அனுபவத்தை ஓரிடத்தில் எழுதி வைப்பது பயன்படும் என்று நினைக்கிறேன்.

போர்க்காலம் என்றவுடன் எறிகணையும் பங்கரும் தறப்பாள் கொட்டிலும்தான் எவருக்கும் முதலில் நினைவுக்கு வரும். அவற்றுக்குள் வாழ்ந்து வந்தவர்கள் நாங்கள். அவற்றைத் திரையில் மீண்டும் எழுப்பிக் காட்டும் பணமும் எங்களிடம் இருக்கவில்லை, மனமும் இருக்கவில்லை. ஆனால் அதே காலத்தில், ஓமந்தை இராணுவச் சோதனைச்சாவடிக்குத் தெற்கே, அரச கட்டுப்பாட்டில் இருந்த வவுனியாவில் நீதிமன்றம் வழமைபோலத் திறந்தது, வழக்குகள் கூப்பிடப்பட்டன, தவணைகள் போடப்பட்டன. பிள்ளை தெற்கே விளக்கமறியலில் இருக்க, தாய் வடக்கே, புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த கிளிநொச்சியில் இருந்த குடும்பங்களுக்கு, குறித்த தவணை நாளில் அந்தத் தாய் மன்றுக்கு வந்து சேர்வாரா என்பதே ஒரு போராட்டமாக இருந்தது. 2006 ஓகஸ்ட் மாதத்தில் முகமாலையில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு வடக்கே யாழ்ப்பாணம் செல்ல வழியில்லை. தெற்கே போவதென்றால் ஓமந்தையைத்தான் கடக்கவேண்டும், அதுவும் அனுமதி கிடைத்தால் மட்டுமே. இந்தச் சிறிய, சத்தமில்லாத போர்தான் எங்கள் கதை என்று தீர்மானித்துக்கொண்டோம்.

நீதிமன்றப் படம் எழுத உட்காரும் எவரும் முதலில் சட்டத்தைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். உணர்ச்சி அதன் பின்னால் தானாக வரும். 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின்படி, பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரிடம் கொடுக்கப்பட்ட குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராகச் சாட்சியமாக முன்வைக்க முடியாது. 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இதை மாற்றிப் போட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஓர் அதிகாரியிடம் கொடுக்கப்பட்ட வாக்குமூலம் அச்சட்டத்தின் 16 ஆம் பிரிவின் கீழ் சாட்சியமாக ஏற்கப்படலாம். அச்சுறுத்தியோ ஆசைகாட்டியோ அது பெறப்பட்டது என்று எதிரி சொன்னால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் அந்த எதிரியின் தலையிலேயே விழுகிறது. மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என்று கொண்டுவரப்பட்ட அச்சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. 2022 இல் செய்யப்பட்ட திருத்தம் தடுப்புக்காவலின் உச்ச காலத்தை 18 மாதங்களிலிருந்து 12 மாதங்களாகக் குறைத்ததே தவிர, ஒப்புதல் வாக்குமூலம் பற்றிய 16 ஆம் பிரிவை நீக்கவில்லை.

வழக்கின் நடுவே, அந்த வாக்குமூலத்தை ஏற்பதா விலக்குவதா என்று தீர்மானிப்பதற்காக மட்டும் நடத்தப்படுவது உண்மை விளம்பல் விசாரணை. எங்கள் படம் முழுவதும் அந்த விசாரணையைச் சுற்றியே நடக்கிறது. எதிரி குற்றம் செய்தானா இல்லையா என்ற கேள்விக்குள் படம் போகவேயில்லை. எழுதத் தொடங்கிய நாட்களில் நண்பர்கள் சிலர், பார்ப்பவர்களுக்கு அவன் நிரபராதி என்று தெரிந்தால்தானே இரக்கம் வரும் என்று வாதிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இருக்கவில்லை. குற்றமற்றவனைச் சித்திரவதை செய்வது மட்டும்தான் தவறு என்ற முடிவுக்குப் பார்ப்பவரைக் கொண்டுபோய்விடும் கதை, இந்தச் சட்டத்தைப் பற்றி எதையும் சொல்லாது. ஆகவே அவன் எங்கே இருந்தான், என்ன செய்தான் என்பதைப் படம் கடைசிவரை மூடியே வைத்திருக்கிறது. நடித்த இளைஞருக்கு மட்டும் ஒரு பதிலைத் தானே தீர்மானித்துக்கொள்ளும்படியும், அதை எனக்குக்கூடச் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

எழுதும்போது எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு வழக்கைக் குறிப்பிட வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர், சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்ட ஒரு வாக்குமூலத்தில் கைவிரல் அடையாளம் இட்டதை அடிப்படையாகக் கொண்டு 1995 இல் கொழும்பு மேல் நீதிமன்றத்தால் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மேன்முறையீட்டில் அது 35 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. 2004 இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு அவருக்கு நியாயமான விசாரணை மறுக்கப்பட்டது என்று முடிவு செய்தது. ஆயினும் 2006 இல் இலங்கை உயர் நீதிமன்றம் தண்டனையை மீளாய்வு செய்ய மறுத்தது. எங்கள் கதை அவருடைய கதை அல்ல. அவர் குடும்பத்தின் அனுமதியின்றி அதைத் தொடும் உரிமையும் எங்களுக்கு இல்லை. ஆனால் தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட தன் சொந்த வாக்குமூலம் என்ற அந்த நிலைமை இங்கே பலருக்கு நேர்ந்தது. அதை எடுத்துக்கொண்டு கற்பனையான ஒரு வழக்கைக் கட்டினோம்.

மேல் நீதிமன்ற விசாரணை திறந்த மன்றில் நடப்பது. எவரும் பின் வாங்கில் போய் அமர்ந்து பார்க்கலாம். கைத்தொலைபேசியை நிறுத்திவிட்டு, ஒழுங்கான உடையுடன், அமைதியாக இருந்தால் போதும். நாங்கள் எழுதுவதற்கு முன்பும் எழுதும் காலத்திலும் மாறிமாறிச் சென்று அமர்ந்தோம். தென்னிந்தியப் படங்களில் வரும் நீதிமன்றம் எங்கள் எல்லோருடைய தலைக்குள்ளும் இருக்கிறது: சுத்தியலால் மேசையில் தட்டும் நீதிபதி, கூண்டைச் சுற்றி நடந்தபடி உரத்துப் பேசும் வழக்கறிஞர், கடைசி நிமிடத்தில் கதவைத் திறந்துகொண்டு வரும் சாட்சி. இங்கே அவை எவையும் இல்லை. சட்டத்தரணி நின்ற இடத்திலேயே நின்று, தாழ்ந்த குரலில், "கனம் கோட்டார் அவர்களே" என்று தொடங்குகிறார். ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் இடையில் சுருக்கெழுத்தாளர் எழுதி முடிக்கும்வரை காத்திருக்கிறார். ஒரு நாளில் அழைக்கப்படும் வழக்குகளில் பெரும்பாலானவை சில நிமிடங்களில் அடுத்த தவணைக்குப் போய்விடுகின்றன. அந்தச் சில நிமிடங்களுக்காக விடியமுன் பஸ் ஏறி வந்தவர்கள் எழுந்து வெளியே போகிறார்கள். இதைப் பார்க்காமல் எழுதியிருந்தால் எங்கள் படத்தில் தவணை என்பது ஒரு சொல்லாக மட்டுமே இருந்திருக்கும். இப்போது படத்தின் முதல் இருபது நிமிடங்களில் மூன்று தவணைகள் வந்து போகின்றன, வழக்கு ஓர் அடிகூட நகர்வதில்லை. தயாரிப்புக்குப் பணம் தந்த உறவினர் ஒருவர் இது ஆட்களைக் களைக்கவைக்கும் என்றார். களைக்கத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். அந்தக் களைப்பைக் கடந்து வந்து நான்காவது தவணையில் சாட்சி கூண்டில் ஏறும்போதுதான் மன்றில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவதுபோலப் பார்ப்பவர்களும் நிமிர்கிறார்கள்.

எழுதிய ஒவ்வொரு காட்சியையும் குற்றவியல் வழக்குகளில் பழக்கமுள்ள ஒரு சட்டத்தரணியிடம் கொடுத்து வாசிக்கச் செய்தோம். அவர் உரையாடலின் அழகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கேள்வியை இந்தக் கட்டத்தில் கேட்க முடியாது, இந்த ஆவணம் இன்னும் அடையாளமிடப்படவில்லை, இந்த இடத்தில் அரச சட்டவாதி கட்டாயம் ஆட்சேபிப்பார் என்று ஓரங்களில் எழுதித் தந்தார். அவர் சொன்ன ஒவ்வொரு திருத்தமும் காட்சியை இறுக்கமாக்கியது. நாங்கள் மூன்று பக்க வசனத்தால் சொல்ல நினைத்ததை, ஆட்சேபம் ஒன்று பாதி வசனத்தில் நிறுத்திவிட்டது. எதிரி சொல்ல வாயெடுத்த விடயம் சொல்லப்படாமலே போகிறது. அது மன்றில் இல்லாததாகவே ஆகிவிடுகிறது, பார்ப்பவருக்கு மட்டும் தெரிகிறது. நடைமுறையை அப்படியே பின்பற்றினால் நாடகம் அதற்குள்ளேயே கிடைக்கும் என்பதை நாங்கள் நம்பத் தொடங்கியது அந்த ஓரக் குறிப்புகளிலிருந்துதான்.

உண்மையான வழக்கேடுகளை எவரிடமும் கேட்டு வாங்கவில்லை. சில குடும்பங்கள் தாங்களாகவே பிளாஸ்ரிக் பைகளில் பத்திரப்படுத்தி வைத்திருந்த கடிதங்களையும் பற்றுச்சீட்டுகளையும் கொண்டுவந்து காட்டினார்கள். அவற்றைப் படம் பிடிக்கவோ நகல் எடுக்கவோ இல்லை. படத்தில் வரும் சிங்கள வாக்குமூலம் முழுக்க முழுக்கப் புதிதாக எழுதப்பட்டது. அதிலுள்ள பெயர், ஊர், தேசிய அடையாள அட்டை இலக்கம் ஆகியவை எந்த ஆளுக்கும் பொருந்தாதவாறு அமைக்கப்பட்டவை. கமராவில் ஒரு கணம் தெரியும் கடதாசிதானே என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. இன்று எவரும் படத்தை நிறுத்தி, பெரிதாக்கி வாசிக்கலாம். வழக்கு முடியாதவர்கள் இன்னும் இருக்கும் மண்ணில், ஓர் இலக்கம் ஒருவருக்குத் தீங்காக முடியலாம்.

படத்தின் நடுநாயகம் மொழிபெயர்ப்பாளர். அரசியலமைப்பின்படி வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்ற மொழி தமிழ்; ஆனால் வாக்குமூலத்தைப் பதிவுசெய்த அதிகாரி சிங்களத்தில் சாட்சியமளிக்கிறார். சட்டத்தரணி தமிழில் கேட்பது சிங்களத்துக்குப் போய், பதில் சிங்களத்தில் வந்து, மீண்டும் தமிழாகி, அதன் பிறகுதான் பதிவேட்டில் ஏறும். ஒரு குறுக்கு விசாரணையின் வேகம் அதனால் பாதியாகக் குறைந்துவிடும். சாதாரணமாகத் திரையில் இதை வெட்டிவிடுவார்கள், முதல் இரண்டு வசனங்களுக்கு மொழிபெயர்த்துவிட்டு மீதியை நேரே பேசவிடுவார்கள். நாங்கள் வெட்டவில்லை. கேள்வியின் கூர்மை அந்த இடைவெளியில் மழுங்கிப்போவதும், சாட்சிக்கு யோசிக்க நேரம் கிடைப்பதும், இரு மொழியும் தெரிந்த சட்டத்தரணி பதிலை முதலிலேயே விளங்கிக்கொண்டு முகத்தில் காட்டாமல் நிற்பதும், ஒரு மொழி மட்டுமே தெரிந்த எதிரி இரண்டு முறையும் காத்திருப்பதும் நாலு பேருடைய நாலுவிதமான காலம். ஒளிப்பதிவாளர் இந்தக் காட்சிகளில் பேசுபவரைக் காட்டாமல், பெரும்பாலும் காத்திருப்பவரையே காட்டினார். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு அவருடையதுதான்.

அந்தப் பாத்திரத்துக்கு இரண்டு மொழியும் உண்மையிலேயே சரளமாகப் பேசக்கூடியவர் வேண்டும். மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் சிங்களம் அந்த மொழி தெரிந்தவர் காதில் உடனே பிடிபட்டுவிடும். வவுனியாவில் இரு சமூகத்தவரும் கலந்து வாழும் பகுதியில் வளர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைத் தேடிக் கண்டோம். அவர் ஒத்திகைகளில் எங்கள் வசனத்தை அப்படியே சொல்லாமல், கேட்டதை அந்தந்தக் கணத்தில் மொழிபெயர்த்தார். அதற்கு இடம் கொடுத்தோம். ஆகவே ஒவ்வொரு தடவை படமாக்கியபோதும் சொற்கள் சற்று மாறின. தொகுப்பில் அது சிரமத்தைத் தந்தாலும், ஒருவர் உண்மையில் யோசித்துப் பேசும் முகத்தை வேறு வழியில் பெற்றிருக்க முடியாது.

பொலிஸ் அதிகாரியாக நடித்தவர் அநுராதபுரத்தைச் சேர்ந்த சிங்கள மேடை நடிகர். முதல் சந்திப்பிலேயே, தன்னை அரக்கனாகக் காட்டும் படமென்றால் தனக்கு விருப்பமில்லை என்றார். எங்களுக்கும் அது விருப்பமில்லை என்று சொன்னோம். அவர் நடித்த அதிகாரி கோபப்படுவதில்லை. குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து, திகதியும் நேரமும் தவறாமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார். வாக்குமூலம் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி, இடையில் எதிரிக்குத் தேநீர் கொடுக்கப்பட்டு, மதியத்துக்குள் முடிந்தது என்கிறார். அந்தத் தேநீர் பற்றிய விபரம் அவரே ஒத்திகையில் சேர்த்தது. வன்மமில்லாத குரலில் அது வரும்போது மண்டபத்தில் இருந்த எங்கள் ஆட்களே ஒருகணம் நம்பிவிட்டார்கள். அப்படி நம்பக்கூடிய சாட்சியை எதிர்த்து நிற்கும்போதுதான் எதிரியின் சட்டத்தரணிக்கு வேலை இருக்கிறது.

நீதிபதியாக நடிப்பதற்கு முள்ளியவளைப் பக்கத்துக் கூத்துக் கலைஞர் ஒருவரைக் கேட்டோம். முல்லைத்தீவில் கோவலன் கூத்து ஆடி வந்த பரம்பரை அவருடையது. பாண்டியன் சபையில் கண்ணகி நீதி கேட்கும் கட்டத்தைச் சிறுவயதிலிருந்தே பார்த்தும் பாடியும் வளர்ந்தவர். திறந்தவெளியில் விடியும்வரை கேட்கவேண்டிய குரல் அது. மைக்குக்கு முன் அடங்க மறுத்தது. குரலைக் குறைக்கச் சொன்னால் உணர்வும் சேர்ந்து குறைந்தது. ஆகவே குரலைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, அவருக்கு எழுதும் வேலை கொடுத்தோம்: மன்றில் சொல்லப்படும் ஒவ்வொன்றையும் உண்மையாகவே தாளில் குறிப்பெடுக்க வேண்டும், நிமிர்ந்து பேசுவது குறிப்பு முடிந்த பிறகுதான். கை வேலையில் இருக்கும்போது குரல் தானாக இறங்கிவிட்டது. மேடையிலிருந்து வரும் நடிகர்களை வைத்துப் படம் எடுப்பவர்கள் இந்த வழியைச் சோதித்துப் பார்க்கலாம்.

எதிரியாக நடிப்பதற்குத் தடுப்பிலிருந்து வந்த எவரையும் கேட்கக் கூடாது என்று முதலிலேயே முடிவெடுத்திருந்தோம். உண்மைத்தன்மை கூடும் என்று ஒருவர் சொன்னார். கூடலாம், ஆனால் அந்த மனிதர் மீண்டும் ஒரு கூண்டில் ஏறி, சட்டையைக் கழற்றித் தழும்பைக் காட்டும்படி நான் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு எனக்கு உரிமை இல்லை. நடித்தவர் போர் முடிந்தபோது சிறுவனாக இருந்தவர். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை மன்றில் வாசிக்கப்படும் காட்சியில் அவர் உடலைக் கமரா காட்டவேயில்லை. அறிக்கையை வாசிக்கும் குரலும், வாங்கில் இருக்கும் தாயின் கைகளும்தான் தெரியும்.

பின் வாங்குகளில் அமர்ந்திருக்கும் குடும்பத்தவர்களாக வந்தவர்கள் பெரும்பாலும் அயல் கிராமத்துப் பெண்கள். அவர்களில் சிலருக்குச் சொந்தத் துயரம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்து, காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டிருந்த தாய்மாரின் ஊர் இது. காட்சியில் என்ன சொல்லப்படும் என்பதை முதல்நாளே முழுவதும் வாசித்துக் காட்டினோம். உளவளத்துணையாளர் ஒருவரைப் படப்பிடிப்பு முழுவதும் உடன் வைத்திருந்தோம். அவருக்கான செலவு எங்கள் கணக்கில் விளக்குகளுக்கான செலவுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. எவரையும் அழச் சொல்லவில்லை. எவராவது எழுந்து வெளியே போனால் கமராவை நிறுத்தாமல், அவர் பின்னால் எவரும் ஓடாமல், உளவளத்துணையாளர் மட்டும் போவார் என்று ஒழுங்கு செய்திருந்தோம். ஒரு அம்மா தானாக எழுந்து வந்து, படத்தில் வரும் தாய் சட்டத்தரணியிடம் நீளமாகக் கெஞ்சும் வசனத்தைக் கேட்டுவிட்டு, "தம்பி, நாங்கள் இப்பிடி எல்லாம் கதைக்கிறேல்லை. அடுத்த தவணை எப்ப எண்டு மட்டும்தான் கேக்கிறனாங்கள்" என்றார். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு அவர் சொன்னதையே வைத்தோம்.

இடத்தைப் பற்றி: உண்மையான நீதிமன்றத்தில் படம் பிடிக்க நாங்கள் கேட்கவும் இல்லை. முறிகண்டிக்கு அப்பால் பயன்படாமல் கிடந்த ஒரு களஞ்சியக் கட்டிடத்தை உரியவரிடம் எழுத்தில் அனுமதி பெற்று எடுத்து, உள்ளே மன்றை அமைத்தோம். கூண்டும் வாங்குகளும் ஊர்த் தச்சர் செய்தவை; நீதிபதியின் மேடை எவ்வளவு உயரம் என்பதில் அதிக நேரம் செலவிட்டோம், ஏனென்றால் கூண்டிலிருந்து பார்க்கும் கோணம் அதிலேதான் தங்கியிருக்கிறது. கூரை தகரம். காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏற ஏறத் தகரம் விரிந்து சடசடவென்று சத்தம் கொடுக்கும். சோளகம் வீசினால் ஆணி தளர்ந்த இடமெல்லாம் அதிரும். மேலே கிடுகு இரண்டடுக்காக வேய்ந்து, அதன் மேல் சாக்குகளை நனைத்துப் போட்டோம். சூடும் சத்தமும் ஒருங்கே குறைந்தன. மயில்களை ஒன்றும் செய்ய முடியாது. அதிகாலையும் மாலையும் அவை அகவும் நேரத்தில் வசனக் காட்சிகளை வைக்காமல், கடதாசிகள், கைகள், வெற்று வாங்குகள் போன்ற வசனமற்ற துண்டுகளை எடுத்தோம். கூரை விசிறியைத் தூரக்காட்சிகளில் சுழலவிட்டு, அண்மைக்காட்சிகளில் நிறுத்தி, அதன் நிழலை மட்டும் ஓர் அட்டையால் சுழலச் செய்தோம். மின்பிறப்பாக்கியைக் கட்டிடத்திலிருந்து நல்ல தூரத்தில், குழி வெட்டி, மூன்று பக்கமும் மண்மூட்டை அடுக்கி வைத்தோம். மண்மூட்டை அடுக்குவதில் எங்கள் ஊரில் எவருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை. மாரிகாலத்தை, அதாவது ஐப்பசி முதல் மார்கழி வரை, முழுவதாகத் தவிர்ப்பது நல்லது. தகரத்தில் மழை விழத் தொடங்கினால் அன்றைய வேலை அதோடு முடிந்தது.

தாய் கிளிநொச்சியிலிருந்து வரும் பயணக் காட்சிகளை ஏ9 பாதையில் எடுக்க முடியவில்லை. இன்றைய ஏ9 வழுவழுப்பான காபெட் வீதி; இரு மருங்கும் புதிய கடைகள். 2008 இல் அது குன்றும் குழியுமாக, செம்புழுதி கிளம்பும் பாதை. ஆகவே ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்தில் இன்னும் கிரவலாகக் கிடக்கும் உள்வீதிகளைப் பயன்படுத்தினோம். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் வாகனங்கள் நின்று கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்துப் போகும் வழக்கம் போர்க்காலத்திலும் தொடர்ந்தது. அந்தக் காட்சியை மட்டும், தற்காலக் கடைகள் தெரியாதவாறு, தாயின் முகத்தோடு ஒட்டி எடுத்தோம். காட்டோரமாகக் கமராவுடன் இறங்குபவர்கள் கட்டாயம் கிராம அலுவலரிடமும் அவ்விடத்து விவசாயிகளிடமும் மிதிவெடி அகற்றப்பட்ட எல்லையைக் கேட்டு அறிய வேண்டும். சிவப்புப் பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பானது என்று எண்ணக்கூடாது. ஆட்களும் மாடுகளும் நாளாந்தம் நடக்கும் தடத்தைவிட்டு ஓர் அடிகூட விலகவேண்டாம். ஒரு நல்ல கோணத்துக்காக எவரும் பற்றைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்பதை ஒளிப்பதிவுக் குழுவிடம் எழுத்திலேயே கொடுத்திருந்தோம்.

அனுமதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரதேச செயலாளர், கிராம அலுவலர், அப்பகுதிப் பொலிஸ் நிலையம் ஆகியோருக்குக் கொடுத்த கடிதங்களின் பிரதிகளைக் குழுவில் இருந்த ஒவ்வொருவரும் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள், ஏனென்றால் யார் நீங்கள், என்ன படம் என்று கேட்டு வருபவர் இயக்குநரைத் தேடி வருவதில்லை; வீதியோரம் தனியாக நிற்கும் உதவியாளரிடம்தான் கேட்பார். பொலிஸ் சீருடையைத் தைப்பதற்கு முன்பே எழுத்தில் அனுமதி பெற்றோம். சீருடை படப்பிடிப்புத் தளத்துக்குள்ளேயே அணியப்பட்டு அங்கேயே கழற்றப்பட்டது. அதோடு தேநீர்க் கடைக்குக்கூட எவரும் போகவில்லை. வெடிச்சத்தம் எதையும் தளத்தில் எழுப்பவில்லை. தூரத்து எறிகணை ஓசை தேவைப்பட்ட இரண்டு இடங்களில் அது தொகுப்பின்போது சேர்க்கப்பட்டது. வேலை நடந்த அறையின் யன்னல்களை மூடி, காதுப்பொறி வைத்துத்தான் கேட்டோம். அயல் வீட்டில் முதியவர்கள் இருக்கும் ஊரில் இது முக்கியம். திரையிடுவதற்குப் பகிரங்க அரங்காற்றுகைச் சபையின் சான்றிதழ் தேவை. அதற்கான காலத்தைத் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

படத்தின் உச்சக் காட்சியைப் பற்றியும் எழுத வேண்டும். வாக்குமூலம் சிங்களத்தில் வாசிக்கப்பட்டு, மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லத் தொடங்கும்போதுதான், தான் சொன்னதாக எழுதப்பட்டிருப்பது என்ன என்பதை எதிரி வாழ்க்கையில் முதல்தடவையாகக் கேட்கிறான். நடித்த இளைஞருக்கு அந்தத் தமிழ் வாசகத்தை முன்கூட்டியே நாங்கள் கொடுக்கவில்லை. இரண்டு கமராக்களை வைத்து, வாசிப்பு முழுவதையும் ஒரே மூச்சில், நடுவில் நிறுத்தாமல் எடுத்தோம். அவர் கைகளால் கூண்டின் விளிம்பைப் பிடித்தபடி, ஒரு இடத்தில் மட்டும் மொழிபெயர்ப்பாளரைத் திரும்பிப் பார்க்கிறார். தன் ஊரின் பெயர் தவறாக உச்சரிக்கப்பட்ட இடம் அது. யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. மற்றத் தடவைகள் எடுத்தவற்றைத் தொகுப்பறையில் பார்க்கவேயில்லை.

முடிவைப் பற்றி எங்களுக்குள் நீண்ட விவாதம் இருந்தது. நெடுங்காலம் விளக்கமறியலில் கிடந்த பலர், வழக்கை நடத்தி முடிப்பதற்கு எடுக்கும் ஆண்டுகளை எண்ணிப் பார்த்து, குற்றத்தை ஒப்புக்கொண்டு அரசின் புனர்வாழ்வுத் திட்டத்துக்குப் போக இணங்கியிருக்கிறார்கள். 2017 இல் மூன்று கைதிகளின் வழக்கு வவுனியாவிலிருந்து, சிங்களத்தில் வழக்கு நடக்கும் அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டபோது, அதை எதிர்த்து அவர்கள் உண்ணாவிரதம் இருக்க வேண்டியிருந்தது. ஆகவே வெற்றி முழக்கத்தோடு முடிக்க எங்களால் முடியவில்லை. நீதிபதி வாக்குமூலத்தை விலக்கி வைக்கிறாரா ஏற்கிறாரா என்ற கட்டளையைப் படம் தெளிவாகக் காட்டுகிறது. அதை இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் கட்டளைக்கு முதல்நாள், சட்டத்தரணி சிறைக்கு வந்து, ஒப்புக்கொண்டால் எவ்வளவு காலம், போராடினால் எவ்வளவு காலம் என்று இரண்டு கணக்கையும் ஒளிவுமறைவின்றி வைக்கும் காட்சிக்குத்தான் படத்திலேயே நீளமான நேரத்தைக் கொடுத்திருக்கிறோம். சட்டத்தரணிகள் சிலர் பார்த்துவிட்டு, தாங்கள் பேசும் விதமாகவே இருக்கிறது என்றார்கள்.

இதுவரை ஊர் மண்டபங்களிலும் சனசமூக நிலையங்களிலும் திரையிட்டு வருகிறோம். சிங்கள உபதலைப்புகளை மொழிபெயர்ப்பாளராக நடித்த ஆசிரியரே எழுதிக்கொண்டிருக்கிறார். திரையிட விரும்புபவர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: படம் முடிந்த பிறகு குறைந்தது ஒரு மணிநேரம் இருக்கக்கூடிய ஒரு சட்டத்தரணியை அழைத்து வாருங்கள். எங்கள் திரையிடல்களில் படத்தைப் பற்றிப் பேசுவோர் சிலர்தான். மற்றவர்கள் கையில் பையோடு வந்து, தங்கள் வீட்டு வழக்கைப் பற்றி, காணாமற்போனவர்களுக்காக வழங்கப்படும் இல்லாமைச் சான்றிதழைப் பற்றி, தவணை தெரியாமல் போன கோப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்குப் படம் எடுத்தவர்களால் பதில் சொல்ல முடியாது.